லியோன் சல்லிவன்: வேலை வாங்கித் தந்த பாப்டிஸ்ட் போதகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒரே சபையில் 38 ஆண்டுகள் போதகராக இருந்தவர் லியோன் சல்லிவன். மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்த அளவுக்கு நம் வாசகர்களுக்கு இவரைத் தெரியாது. தெரிய வேண்டியவர் என்பதால்தான் இந்தப் பக்கம். இவரைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலை எப்படிப் பிறந்தது என்பது புரியும்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1922 அக்டோபர் 16 அன்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். 1950 முதல் 1988 வரை வடக்கு பிலடெல்பியாவின் சீயோன் பாப்டிஸ்ட் சபையில் போதகர். ஆறடி ஐந்தங்குல உயரம், கணீரென்ற குரல்; மக்கள் அவரை ‘சீயோனின் சிங்கம்’ என்றார்கள். வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி நிலையம் தொடங்கியவர், ஏழைகளின் சிறுசேமிப்பில் வணிக வளாகம் கட்டியவர், தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்த அமெரிக்க நிறுவனங்களுக்கு நடத்தை விதிகள் எழுதியவர். 2001 ஏப்ரல் 24 அன்று அரிசோனா மாநிலத்தில் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

பாப்டிஸ்ட் சபை என்றால் என்ன? மற்ற சபைகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகள் எங்கும் இருப்பதால் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். இந்தியாவில் பாப்டிஸ்டுகள் அதிகமாக இருப்பது நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களிலும் தெலுங்குப் பகுதிகளிலும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். விவரம் தெரிந்து, தானாக விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கே தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் தருவார்கள்.

சல்லிவனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இன்னொரு விஷயம் முக்கியம். பாப்டிஸ்ட் சபை ஒவ்வொன்றும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். மேலே பேராயர் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுப்பதும், கட்டடம் வாங்குவதும், பணத்தைச் செலவழிப்பதும் சபையார்தான். அடிமை முறை ஒழிந்த பிறகு, அமெரிக்கக் கறுப்பின மக்கள் யாரையும் கேட்காமல் தாங்களே நடத்த முடிந்த பெரிய அமைப்பு இந்தச் சபைகள்தான். வங்கியும் தொழிற்சாலையும் நகராட்சியும் வெள்ளையர் கையில். சபை மட்டும் தங்கள் கையில். அதனால் சபையின் போதகர் தெருவின் தலைவராகவும் இருந்தார். வெள்ளைக்கார முதலாளி தரும் சம்பளத்தை அவர் நம்பியிருக்கவில்லை. எனவே அவர் வாயை அடைக்க முடியவில்லை.

சிறு வயது எப்படி இருந்தது?

வறுமைதான். பெற்றோர் பிரிந்துவிட, சிறுவனின் வளர்ப்பில் பெரும் பங்கு பாட்டியுடையது. அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் பாட்டியிடமிருந்து வந்தது என்பார்.

எட்டு வயதுவாக்கில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சார்ல்ஸ்டனின் கேப்பிட்டல் தெருவில் ஒரு மருந்துக்கடை. அந்தக் காலத்து அமெரிக்க மருந்துக்கடைகளில் குளிர்பானமும் விற்பார்கள். கையில் காசோடு போன பையன், கோகோ கோலா வாங்கிக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கடைக்காரர், உனக்கு இங்கே உட்கார இடமில்லை, எழுந்து நில் என்று அதட்டினார். அவன் கொடுத்த காசை வாங்கிக்கொள்ளத் தடையில்லை, உட்காரத்தான் தடை. இதை எதிர்த்தே தீருவேன் என்று அன்றே முடிவு செய்ததாகச் சொல்வார்.

விளையாட்டில் கெட்டிக்காரர் என்பதால் மேற்கு வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. காயம்பட்டு விளையாட முடியாமல் போனதும் உதவித்தொகையும் போயிற்று. எஃகு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பை முடித்தார். 18 வயதிலேயே போதகராக அபிஷேகம் பெற்றிருந்தார்.

நியூயார்க்குக்கு எப்படிப் போனார்?

ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஆடம் கிளேட்டன் பவல், மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தபோது இந்த இளைஞரைப் பார்த்து நியூயார்க்குக்கு அழைத்தார். 1943இல் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. செலவுக்குப் பொதுத் தொலைபேசிப் பெட்டிகளைத் திறந்து காசு எடுத்துச் சேர்க்கும் வேலை. அந்தத் தொலைபேசி நிறுவனத்தில் இந்த வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்புறம் பவலுக்கே உதவிப் போதகரானார். 1944இல் கிரேஸ் என்பவரை மணந்தார், மூன்று பிள்ளைகள்.

பவலிடம் அவர் கற்றது பெரிய பாடம். ‘வேலை தராத கடையில் பொருள் வாங்காதே’ என்ற போராட்டத்தை ஹார்லெமில் 1930களிலேயே நடத்தியவர் பவல். பின்னாளில் பிலடெல்பியாவில் சல்லிவன் செய்ததற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பிலடெல்பியாவில் சேவை எங்கிருந்து தொடங்கியது?

பையன்களிடமிருந்து. நியூஜெர்சியின் சவுத் ஆரஞ்சில் ஐந்து ஆண்டுகள் ஊழியம் செய்துவிட்டு, 1950இல் சீயோன் சபைக்கு வந்தார். அப்போது சபையில் சுமார் 600 பேர். சுற்றியிருந்த தெருக்களில் இளைஞர் கும்பல்கள், கத்திக்குத்து, கைது. தெருத்தெருவாகக் குடியிருப்போரைத் திரட்டி, பிள்ளைகள் வழிதவறாமல் பார்த்துக்கொள்ளக் குழுக்கள் அமைத்தார். இந்தப் பணிக்காகவே 1955இல், நாட்டின் சிறந்த பத்து இளைஞர்களில் ஒருவராக ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது.

சும்மா இருக்கும் பையனைத்தான் கும்பல் இழுக்கிறது என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. எனவே வேலை தேடித் தரும் சேவை ஒன்றைச் சபையிலேயே ஆரம்பித்தார். பையன்கள் குவிந்தார்கள், வேலைதான் கிடைக்கவில்லை. நகரத்தின் நிறுவனங்கள் கறுப்பினப் பையன்களை எடுக்கத் தயாராக இல்லை. எடுத்தாலும் துடைப்பதும் கூட்டுவதும் மூட்டை தூக்குவதும்தான்.

போதனை செய்து பையன்களைத் திருத்திவிடலாம் என்று அங்கேயே நின்றிருந்தால் அவரைப் பற்றி இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். சிக்கல் பையனிடம் இல்லை, பூட்டிய கதவிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் கதவின் பக்கம் திரும்பினார்.

வேலை தராத கம்பெனிகளுக்கு எதிரான புறக்கணிப்புப் போராட்டம் எப்படி நடந்தது?

கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நுணுக்கமாக யோசித்து நடத்திய காரியம் இது.

1960 வாக்கில் பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். நகரத்தில் நான்கில் ஒருவர். அவர்கள் வாங்கும் ரொட்டி, கேக், குளிர்பானம், பெட்ரோல் இல்லாமல் எந்தக் கம்பெனியும் அங்கே லாபம் பார்க்க முடியாது. சல்லிவனோடு சுமார் 400 போதகர்கள் சேர்ந்தார்கள். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் என்ற பேதம் பார்க்கவில்லை.

முதலில் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுப்பார்கள். சில போதகர்கள் நேரில் போய், எத்தனை கறுப்பினத்தவர் வேலை செய்கிறார்கள், எந்தெந்த வேலையில் என்று மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு, இன்னின்ன பிரிவில் இத்தனை பேரை இந்தத் தேதிக்குள் எடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். நடக்கவில்லையென்றால் ஞாயிறு ஆராதனையில் 400 பிரசங்க மேடைகளிலிருந்தும் ஒரே அறிவிப்பு வரும்: இந்தக் கம்பெனிப் பொருளை வாங்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் விற்பனை விழும். கம்பெனி ஒத்துக்கொண்டதும் அதே மேடைகளிலிருந்து, இனி வாங்கலாம் என்ற அறிவிப்பு.

இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு போதகர் பேசுவார். கம்பெனிக்காரர் வழக்குப் போட நினைத்தாலும் யார் மேல் போடுவது? பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை. செய்தி போக வேண்டிய இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.

அதிகம் பேசப்படுவது 1960 கோடையில் டேஸ்டி பேக்கிங் என்ற கேக் கம்பெனியோடு நடந்தது. போதகர்கள் கேட்டதைப் பாருங்கள்: கடை கடையாகச் சரக்குப் போடும் ஓட்டுநர்-விற்பனையாளர் இரண்டு பேர், அலுவலகத்தில் இரண்டு பேர், கேக்குக்கு ஐசிங் பூசும் பிரிவில் மூன்று நான்கு பெண்கள். அவ்வளவுதான். அந்தக் கம்பெனியில் கறுப்பினத்தவர் நிறையப் பேர் ஏற்கெனவே வேலை செய்தார்கள். ஆனால் ஐசிங் பிரிவில் வழக்கமாக வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். வண்டி ஓட்டும் வேலையில் விற்பனைக்கேற்ற கமிஷன் உண்டு என்பதால் அதுவும் கறுப்பினத்தவருக்குக் கிடையாது. எண்ணிக்கைக்காக அல்ல, எந்த வேலை என்பதற்காகவே இந்தப் போராட்டம் என்பது இதிலிருந்து விளங்கும். சுமார் இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி இறங்கி வந்தது. பெப்சி, கல்ஃப் ஆயில் என்று வரிசை நீண்டது. பல கம்பெனிகள், போதகர்கள் வந்து உட்கார்ந்த உடனேயே ஒத்துக்கொள்ள ஆரம்பித்தன.

ஒரு போதகர் இப்படிக் கம்பெனிகளை நெருக்குவது மிரட்டல் ஆகாதா?

அந்தக் காலத்திலேயே இப்படிச் சொன்னவர்கள் உண்டு. என் பதில் இது: யார் கடையையும் யாரும் உடைக்கவில்லை, வாசலில் நின்று யாரையும் தடுக்கவில்லை. தன் கையில் உள்ள காசை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அந்த உரிமையை எல்லோரும் ஒரே நாளில் பயன்படுத்தினார்கள். மருந்துக்கடையில் காசை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்ன அதே ஏற்பாட்டுக்கு இதைவிடச் சாத்வீகமான பதில் எனக்குத் தெரியவில்லை.

மார்ட்டின் லூதர் கிங்குக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கிங்கும் பாப்டிஸ்ட் போதகர்தான். பிலடெல்பியாவில் நடப்பதைக் கேள்விப்பட்டு 1962இல் சல்லிவனை அட்லாண்டாவுக்கு அழைத்து, முறையை விளக்கச் சொன்னார். அந்த ஆண்டே கிங்கின் அமைப்பு ‘ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட்’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. பின்னர் சிகாகோவில் அதை நடத்திப் பெயர் பெற்றவர் ஜெஸ்ஸி ஜாக்சன்.

ஓ.ஐ.சி. என்கிறார்களே, அது என்ன?

வேலைவாய்ப்புத் தொழிற்பயிற்சி மையம் என்று வைத்துக்கொள்ளலாம். முழு விரிவு: ஆப்பர்ச்சுனிட்டீஸ் இண்டஸ்ட்ரியலைசேஷன் சென்டர். சல்லிவன் செய்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

புறக்கணிப்பு வென்றது, கதவுகள் திறந்தன. ஆனால் திறந்த கதவுக்குள் அனுப்ப ஆள் போதவில்லை. சரி, வேலை தருகிறோம், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரை அனுப்புங்கள், வரைபடம் வரையத் தெரிந்தவரை அனுப்புங்கள் என்று கம்பெனிகள் கேட்டன. தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் மட்டுமே கொடுக்கப்பட்டவர்களிடம் அந்தத் தொழில் எங்கிருந்து வரும்? தயார்ப்படுத்தாமல் கதவைத் திறந்தால் மிஞ்சுவது ஏமாற்றம்தான் என்று சல்லிவன் அடிக்கடி சொன்னது இதை வைத்துத்தான்.

வடக்கு பிலடெல்பியாவில், 19ஆம் தெருவும் ஆக்ஸ்போர்டு தெருவும் சந்திக்கும் இடத்தில், கைவிடப்பட்ட ஒரு பழைய போலீஸ் நிலையம் லாக்கப் அறைகளோடு பாழடைந்து கிடந்தது. அந்த வட்டாரத்துப் பையன்களை அடைத்துவைத்த கட்டடம். நகராட்சியிடமிருந்து அதைப் பெற்றுச் சுத்தம் செய்து, 1964 ஜனவரியில் அதிலேயே பயிற்சி மையத்தைத் திறந்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 50,000 டாலர் கொடுத்தார். வட்டாரத்து மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். பின்னால் ஃபோர்டு அறக்கட்டளையும், அப்புறம் மத்திய அரசும் பணம் தந்தன. சில ஆண்டுகளுக்கு முன் புறக்கணிக்கப்பட்ட கம்பெனிகளே இயந்திரமும் ஆலோசனையும் தர முன்வந்தன.

மின்தையல், வரைபடம், இயந்திரக் கடைசல், எலக்ட்ரானிக்ஸ், உணவகத் தொழில் என்று வகுப்புகள். சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பள்ளியைப் பாதியில் விட்டவர், பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவர், சிறைக்குப் போய் வந்தவர் எல்லோரும் வரலாம். ஆனால் நேராக இயந்திரத்தின் முன் உட்காரவைக்க மாட்டார்கள். அதற்கு முன் ஓர் ஆயத்த வகுப்பு உண்டு. எழுதப் படிக்க, கணக்குப் போட, விண்ணப்பம் நிரப்ப, நேர்முகத்தில் பேச, நேரத்துக்கு வர, நன்றாக உடுத்த, அதோடு தங்கள் இனத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள. வேலைக்கு லாயக்கில்லை என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு முதலில் திரும்பக் கிடைக்க வேண்டியது தன்மதிப்பு என்பது சல்லிவனுக்குத் தெரிந்திருந்தது. அரசுப் பயிற்சித் திட்டங்கள் பல கவனிக்காமல் விட்ட இடம் இது. மையத்தின் சின்னமாக ஒரு சாவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1967இல் அதிபர் லிண்டன் ஜான்சன் நேரில் வந்து பார்த்தார். 1960கள் முடிவதற்குள் பல அமெரிக்க நகரங்களில் கிளைகள் வந்துவிட்டன. பின்னர் கானா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று.

10-36 திட்டம் என்பது என்ன?

வேலை கிடைத்தது, பயிற்சியும் கிடைத்தது. ஆனாலும் தெருவில் உள்ள கடையும் கட்டடமும் வேறு யாருடையதோதான். அதற்கான பதில் இந்தத் திட்டம்.

1962இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்த சம்பவத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். முடித்ததும் சபையைப் பார்த்து ஒரு வேண்டுகோள்: 50 பேர் வேண்டும், மாதம் 10 டாலர், 36 மாதம் கட்ட வேண்டும். ஐம்பது கேட்ட இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று மாதாமாதம் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள்தான். நம் ஊரில் மாதச் சீட்டுக் கட்டுவது போலத்தான் இருக்கும், ஒரு வித்தியாசத்தோடு: இதில் சீட்டு எடுக்கும் முறை கிடையாது, உடனே பணமும் திரும்ப வராது. முதல் 16 மாதம் கட்டும் 160 டாலர் அறக்கட்டளைக்குப் போகும். கல்வி, உதவித்தொகை, சமூகப் பணி. அடுத்த 20 மாதம் கட்டும் 200 டாலர் தொழில் முதலீட்டுக்கு. அதில் கட்டியவருக்குப் பங்கு உண்டு. கொடுப்பது முதலில், வருமானம் பிறகு என்று வரிசையை அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார்.

அந்தப் பணத்திலிருந்து குடியிருப்புகள் வந்தன. 1968இல் வடக்கு ப்ராட் தெருவில் ‘ப்ராக்ரஸ் பிளாசா’ திறக்கப்பட்டது. கறுப்பினத்தவரே கட்டி, அவர்களே உரிமையாளர்களாக இருந்த நாட்டின் முதல் வணிக வளாகம் என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒத்தாசையோடு விண்வெளித் தொழிலுக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையும் தொடங்கினார்கள். அது நெடுநாள் நிற்கவில்லை. பிளாசா நின்றது.

இதற்குச் சபைக் காணிக்கையை எடுத்தாரா?

இல்லை. ஞாயிறு காணிக்கை வேறு, இது வேறு. விருப்பப்பட்டவர் தனியாகக் கட்டிய பணம். பின்னாளில் மற்ற சபைகளைச் சேர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

ஏழைகளின் போதகர் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் ஆனது எப்படி?

1971 ஜனவரியில், அன்றைய தலைவர் ஜேம்ஸ் ரோச்சின் அழைப்பின் பேரில் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அவ்வளவு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் இயக்குநர் ஆனது அதுவே முதல் தடவை. சிங்கத்தைக் கூண்டில் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அடுத்த சில மாதங்களில், மே மாதம், ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவிலிருந்து கம்பெனி வெளியேற வேண்டும் என்று, அதில் பங்கு வைத்திருந்த எபிஸ்கோபல் சபை (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை) ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தது. நிர்வாகம் எதிர்த்தது. சல்லிவன் பங்குதாரர்கள் முன்னால் எழுந்து நின்று, தன்னை அழைத்த தலைவருக்கு எதிராக, தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். அந்தக் கம்பெனியில் ஓர் இயக்குநர் பகிரங்கமாக நிர்வாகத்தை எதிர்த்தது அதற்கு முன் நடந்ததில்லை. தீர்மானம் படுதோல்வி. ஆனாலும் அவர் பதவியை விட்டுப் போகவில்லை. உள்ளே இருந்துகொண்டே கறுப்பின முகவர்கள், கறுப்பினச் சப்ளையர்கள் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சல்லிவன் கோட்பாடுகள் என்பவை யாவை?

1970களின் நடுவில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில், ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் போலீஸ்காரர்கள் அவரைத் தனியே கூட்டிப்போய், உள்ளாடையோடு நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் என்பதெல்லாம் அங்கே செல்லவில்லை. ஊர் திரும்பியதும் இதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்ததாகப் பின்னர் சொன்னார்.

1977 மார்ச்சில் ஆறு விதிகளை வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகள் சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, வேலையிடம் எதிலும் இனம் பார்த்துப் பிரிக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே வேலை விதிகள், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், கறுப்பினத்தவருக்குப் பயிற்சி, மேலாளர் பதவிகளில் அவர்கள் எண்ணிக்கையை உயர்த்துவது, வேலைக்கு வெளியே வீடு, போக்குவரத்து, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் உதவுவது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஐ.பி.எம்., மொபில் உட்பட 12 கம்பெனிகள் முதலில் கையெழுத்திட்டன. பிறகு அது நூறைத் தாண்டியது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போட்டு வெளியிட ஏற்பாடும் இருந்தது. அந்த நாட்டுச் சட்டம் பிரிக்கச் சொன்ன இடத்தில் இந்த விதிகள் சேர்க்கச் சொன்னதால், கையெழுத்திட்ட கம்பெனி அங்கே சட்டத்தோடு உரச வேண்டிவந்தது.

இந்த விதிகளை எதிர்த்தவர்கள் இருந்தார்களா?

நிறைய, அதுவும் அவரைப் போலவே நிறவெறியை எதிர்த்தவர்களே. கைவிலங்கை உடைக்காமல் மெருகேற்றுகிறார்கள் என்று அவர்கள் சாடினார்கள். கம்பெனிகள் வெளியேறாமல் இருக்க நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது என்றார்கள். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்த தொழிலாளிக்கு வெளியே ஓட்டுரிமை கிடையாது. தன் சொந்த நாட்டில் இஷ்டப்பட்ட இடத்தில் குடியிருக்கவும் முடியாது.

சல்லிவன் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவில்லை. 1984இல் விதிகளை இறுக்கி, நிறவெறிச் சட்டங்களை ஒழிக்கக் கம்பெனிகள் பாடுபட வேண்டும் என்று சேர்த்தார். 1985இல் இரண்டு ஆண்டு கெடு வைத்தார்: அதற்குள் நிறவெறிச் சட்டங்கள் நீங்கி, நெல்சன் மண்டேலா விடுதலை ஆகாவிட்டால் எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொல்லிவிடுவேன் என்றார். 1987 ஜூனில், தன் பெயரைத் தாங்கிய விதிகள் போதவில்லை என்று தானே அறிவித்து, கம்பெனிகள் வெளியேற வேண்டும், அமெரிக்கா வர்த்தகத்தையே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தன் பெயரில் உலகமே பேசும் ஒன்றை, நடக்கவில்லை என்று தெரிந்ததும் தானே கைவிடுவது எத்தனை பேரால் முடியும்? மண்டேலா 1990இல் விடுதலையானார்.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

1988இல் சீயோன் சபையிலிருந்து ஓய்வு பெற்று அரிசோனாவுக்குக் குடிபோனார். அப்போது சபையில் சுமார் 6,000 பேர். அமெரிக்க ஆசிரியர்களை ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு அனுப்பினார். ஆப்பிரிக்கத் தலைவர்களையும் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களையும் ஒன்றாக உட்காரவைக்கும் மாநாடுகளை 1991இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் தொடங்கினார். 1999இல் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானோடு சேர்ந்து, உலகக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதிகளை வெளியிட்டார்.

விருதுகள்?

1971இல் கறுப்பினத்தவரின் சாதனைக்குத் தரப்படும் ஸ்பிங்கார்ன் பதக்கம், 1991இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். சார்ல்ஸ்டனில் ஒரு தெருவுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பொதுக் காரியங்களுக்கு நடுவில் சபை ஊழியம் என்ன ஆயிற்று?

600 பேர் 6,000 ஆனதே ஒரு பதில். ஞாயிறு பிரசங்கத்தை அவர் விடவில்லை. புறக்கணிப்பும் 10-36உம் பிரசங்க மேடையிலிருந்துதான் கிளம்பின. ஆத்துமாவைக் கவனிப்பது ஒரு வேலை, வயிற்றைக் கவனிப்பது இன்னொரு வேலை என்று அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. சேவை என்றால் அரிசி மூட்டையும் போர்வையும் கொடுப்பது என்று பழகிவிட்ட நமக்கு, ஒரு போதகர் ஐசிங் பிரிவில் எத்தனை பெண்கள் என்று கணக்குக் கேட்பது விநோதமாகப் படலாம். அந்த மூன்று நான்கு பெண்களுக்கு வாராவாரம் சம்பளம் வந்தது. யாரிடமும் போர்வை வாங்க வேண்டியிருக்கவில்லை.

அவர் தொடங்கியவற்றில் இன்று எவை இருக்கின்றன?

ஓ.ஐ.சி. இருக்கிறது, பிலடெல்பியாவிலும் பிற அமெரிக்க நகரங்களிலும் தொழிற்பயிற்சி நடக்கிறது. ப்ராக்ரஸ் பிளாசாவும் அதே ப்ராட் தெருவில், இப்போது சல்லிவன் பெயரைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. 2008 தேர்தலின்போது பராக் ஒபாமா அங்கே பிரசாரக் கூட்டம் நடத்தினார். இடையில் கஷ்ட காலமும் வந்தது. அங்கிருந்த பெரிய மளிகைக்கடை மூடிப்போக, பத்து ஆண்டுகள் போல அந்த வட்டாரத்து மக்கள் நல்ல காய்கறி வாங்கத் தொலைவுக்குப் போக வேண்டியிருந்தது. வளாகத்தைப் புதுப்பித்து 2009 கடைசியில் மறுபடி ஒரு சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தார்கள்.